ஒரு சீனி மணியளவு தூசி

கிழக்கிலங்கையின் ஈச்சிலம்பற்றில் வீடு கட்டும் காலம் பெரும்பாலும் கச்சான் காலம். மாரியில் வெருகலாறு பெருகித் தாழ்ந்த நிலமெல்லாம் தண்ணீர் நிற்கும்போது யாரும் அத்திவாரம் வெட்டுவதில்லை. பெரும்போக நெல் வெட்டிக் காசு கைக்கு வந்த பிறகுதான் மேசனைத் தேடிப் போவார்கள். சுவர் எழும்பி, கூரை ஏறி, பூச்சு முடிந்து உள்வேலை தொடங்கும்போது வைகாசி, ஆனி ஆகிவிடும். கச்சான் என்ற அந்த வறண்ட சூட்டுக் காற்றும் அடிக்கத் தொடங்கியிருக்கும்.

அப்படி ஒரு வீட்டின் உள்ளறை. பூசிக் காய்ந்த சுவரில் மின்கம்பிக்குக் குழாய் பதிக்க வேண்டும். வயரிங் வேலைக்கு வந்த பொடியன் சோக்கால் கோடு போட்டுவிட்டுக் கிரைண்டரைச் சுவரில் வைக்கிறான். கண் மூடித் திறப்பதற்குள் அறை மங்கிப் போகிறது. பக்கத்து வளவுக் கொடியில் உடுப்புக் காய்கிறது. அங்கிருந்து ஒரு குரல்: “தம்பி, அந்த யன்னலுக்கு ஒரு சாக்கைக் கட்டுங்கோவன்.” கட்டுகிறார்கள். கச்சான் அள்ளிக்கொண்டு போயிருக்கக்கூடிய தூசி இப்போது அறைக்குள்ளேயே சுழல்கிறது. பொடியன் கழுத்தில் கிடந்த துவாயை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்கிறான். பத்து நிமிடம் கழித்து வெளியே வரும்போது இமை மயிரெல்லாம் நரைத்திருக்கிறது. துவாயை இரண்டு உதறு உதறி, அதாலேயே முகத்தைத் துடைத்து, திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்க உட்காருகிறான்.

தூசி கூடாதுதானே என்று அவனைக் கேட்டால், “கூடாதுதான்” என்பான். கட்டடத் தொழிலாளரிடம் விழிப்புணர்வு இல்லை என்று முடிவு கட்டும் அறிக்கைகள் இந்த ஒற்றைச் சொல்லைக் கேட்காமலே எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றும். வினாக்கொத்தில் “தூசி உடலுக்குக் கெடுதி என்று தெரியுமா?” என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று விழுவதும், “முகக்கவசம் அணிவீர்களா?” என்பதற்கு ‘சில வேளைகளில்’ என்று விழுவதும் உலகம் முழுக்க ஒன்றுபோலத்தான். அந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. எந்தத் தூசி, எவ்வளவு தூசி, எந்த நேரத்துத் தூசி, அதை நிறுத்துவது யாருடைய பொறுப்பு என்பவை வேறு வேறு கேள்விகள். ‘கூடாதுதான்’ இவற்றில் ஒன்றுக்கும் விடையாகாது.

எந்தத் தூசி

மேசன்மாரிடம் எதற்குப் பயம் என்றால் சீமெந்தைச் சொல்வார்கள். ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்றால் தோல் வெந்து புண்ணாகும், விரலிடுக்கு அரிக்கும். அனுபவத்தில் வந்த பயம் அது, நியாயமானதும்கூட. ஆனால் சீமெந்துத் தூளில் படிகச் சிலிக்கா மிகக் குறைவு, பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. நெஞ்சைத் தின்னும் சரக்கு அதோடு கலக்கும் மணலிலும் சல்லியிலும் இருக்கிறது. மகாவலி மலைநாட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் கொட்டும் மணல் பெரும்பகுதி குவார்ட்ஸ். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெங்கச்சங்கல் என்பார்கள், பிள்ளைகள் இரண்டை உரசிப் பொறி பறக்க விட்டு விளையாடும் வெள்ளைக்கல். அதன் நுண்ணிய உடன்பிறப்புத்தான் இந்த மணல். கருங்கல்லிலும் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை அது இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் சங்கதி வேறு. அதை அறுத்தாலும் வெள்ளைப் புகைதான் கிளம்பும், ஆனால் குவார்ட்ஸ் சொற்பம். இரண்டு புகைக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது, மூக்குக்கும் பிடிபடாது.

மணல் மணலாகக் கிடக்கும்வரை யாரையும் கொல்லாது. வெருகல் முகத்துவாரத்தில் பிள்ளைகள் நாள் முழுக்க மணலில் புரள்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. அந்த மணி பெரியது, மூக்கு மறித்துவிடும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தரம் சுழலும் வட்டு அதே மணியை மாவாக்கும்போதுதான் வில்லங்கம். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஐம்பது முதல் நூறு மைக்ரோன் என்று வைத்துக்கொண்டால், அதில் பத்திலொரு பங்குக்கும் குறைந்த துணிக்கைகள் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் எல்லாம் தாண்டி, சுவாசப்பையின் அடியிலுள்ள காற்றறைகள் வரை போய்விடும். இப்போதுதான் உடைந்த குவார்ட்ஸின் முகம் பழைய மணலின் முகத்தைவிட இழையத்தைக் கூடத் தாக்குகிறது என்பதும் ஆய்வகங்களில் கண்ட சங்கதி. அரைத்த கையோடு இழுக்கும் மூச்சுத்தான் மோசமான மூச்சு.

இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் 2016இல் வந்த சட்டவிதி, 8 மணி நேர வேலை நாளின் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. வேலை செய்யும் ஒரு ஆள் அந்த நேரத்தில் ஏறத்தாழ 10 கனமீற்றர் காற்றை இழுப்பார். ஆக, ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தம் அரை மில்லிகிராம். தேத்தண்ணிக்குப் போடும் சீனியில் ஒரே ஒரு மணியின் நிறை கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூடிய அறையில் கிரைண்டரால் சுவர் வெட்டும்போது அந்த எல்லையைப் பல பத்து மடங்கு தாண்டிவிடும். பொடியனுடைய இமையில் படிந்திருந்ததை எண்ணிப் பாருங்கள். ஆனால் இமையில் படிந்தது அவனுக்குத் தீங்கில்லை, அது விழுந்துவிட்ட தூசி. கண்ணுக்குத் தெரியும் பருத்த தூசி சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். தெரியாத தூசி மணிக்கணக்காகக் காற்றில் தொங்கும். அறை தெளிந்துவிட்டது என்று அவன் துவாயை அவிழ்க்கிறானே, அந்த நேரத்திலும் தெரியாத தூசி காற்றில் நிற்கிறது.

உள்ளே போன துணிக்கையை உடல் விழுங்கப் பார்க்கிறது. சுவாசப்பையைக் காவல் காக்கும் கலங்கள் கிருமியை விழுங்கிச் செரிப்பதுபோல இதையும் விழுங்கும். கல்லைச் செரிக்க முடியுமா? கலம் வெடிக்கும், துணிக்கை வெளியே வரும், அடுத்த கலம் விழுங்கும். இந்தச் சுற்று நிற்காமல் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் தழும்பு கட்டி, பஞ்சுபோல விரிந்து சுருங்க வேண்டிய இழையம் இறுகிப் போவதுதான் சிலிக்கோசிஸ். பொதுவாகப் பத்து, இருபது வருடம் எடுக்கும். தூசி மிகுந்தால் ஐந்து வருடத்திலும் வரும், மிக மோசமான இடங்களில் மாதக் கணக்கிலும் வந்திருக்கிறது. மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் முற்றிக்கொண்டு போகலாம். பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை தூசி வேலை செய்வோரிடையே உண்டு. பழம் போகும் வழி வேறு, தூசி போன வழி வேறு. பீடி, சிகரெட் இருந்தால் சுவாசப்பையின் கேடு இன்னும் கூடும்.

பழைய கதை

நமது ஆட்களுக்கு இந்த நோய் புதிதில்லை. கோலார் தங்கவயலில் நிலத்துக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள். ஜோன் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கிய அந்தச் சுரங்கங்கள் மூன்று கிலோமீற்றருக்கும் அதிக ஆழம் போயின. தங்கம் இருந்தது குவார்ட்ஸ் நரம்புக்குள். குவார்ட்ஸைத் துளைக்காமல் தங்கம் இல்லை. 1940களில் அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. நோய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருமலோடு ஊர் திரும்பியவரை ஊர் கண்டது. வைத்தியர் எக்ஸ்ரேயைப் பிடித்துப் பார்த்த பிறகே அது எண்ணிக்கையானது, எண்ணிக்கையான பிறகே நட்டஈடு என்ற பேச்சு வந்தது.

அதே காலத்துக்குச் சற்று முன், அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் ஹோக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் நீர்மின் திட்டத்துக்காக ஒரு சுரங்கப்பாதை குடைந்தார்கள். 1930இல் வேலை தொடங்கியது. பாறை ஏறத்தாழத் தூய சிலிக்கா. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் கூலிகள். தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேலை சுணங்கும் என்று உலர்வாகவே துளைத்தார்கள். பார்வையிட வந்த அதிகாரிகள் முகமூடி போட்டிருந்தார்கள், துளைத்தவர்களுக்கு இல்லை. நாடாளுமன்ற விசாரணையில் இறந்தவர் தொகை 476 என்று சொல்லப்பட்டது. பின்னாளில் மார்ட்டின் செர்னியாக் என்ற வைத்தியர் ஆவணங்களைத் துருவி 764 என்று கணித்தார். 1938இல் அந்நாட்டுத் தொழில் திணைக்களம் ‘சிலிக்கோசிஸை நிறுத்துங்கள்’ என்று திரைப்படமே எடுத்துக் காட்டியது. 1974இல் அந்நாட்டுத் தொழிற் சுகாதார ஆய்வு நிறுவனம் 50 மைக்ரோகிராம் என்ற எல்லையைப் பரிந்துரைத்தது. அது சட்டமாக 2016 ஆனது. படம் எடுத்ததிலிருந்து எண்ணினால் 78 வருடம். தொழிலாளிக்கு விழிப்புணர்வு போதாது என்று பேசும்போது அரசாங்கங்களுடைய விழிப்புணர்வின் வேகத்தையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

சுரங்கத்து நோயென்று நினைத்திருந்தது கட்டடத்துக்குள் வந்தது இயந்திரத்தோடுதான். உளியும் சுத்தியலும் கல்லைச் செதிலாகப் பெயர்த்தன. தூசி இருந்தது, ஆனால் கையின் வேகத்துக்குத்தான் இருந்தது. கோயில் வேலைக்கு மாமல்லபுரத்திலிருந்து வரும் சிற்பிகளின் பட்டறையிலும் இப்போது உளிச் சத்தத்தைவிடக் கிரைண்டர் சத்தம்தான் கூடக் கேட்கிறது. ஒரு நாள் வேலையை ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும் கருவி ஒரு நாள் தூசியையும் ஒரு மணித்தியாலத்தில் தருகிறது, அதுவும் இன்னும் நுண்ணியதாக. பிரித்தானியாவில் ஆண்டுதோறும் 500க்கும் மேற்பட்ட கட்டடத் தொழிலாளர் சிலிக்காத் தூசியின் விளைவாக இறக்கிறார்கள் என்பது அந்நாட்டு அரச நிறுவனத்தின் மதிப்பீடு. அவுஸ்திரேலியாவில் சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை வெட்டிய இளைஞர்கள் முப்பது நாற்பது வயதில் மூச்சுக்குத் தவித்த பிறகு, 2024 யூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தார்கள். சிலிக்கா 90 வீதத்துக்கு மேலும் இருக்கும் கல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது.

பெயரில்லாத நோய்

ஈச்சிலம்பற்றில் ஐம்பது வயது மேசன் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? இளைப்பு என்பார்கள், முட்டு என்பார்கள். இருமல் நீண்டு உடம்பு மெலிந்தால் குரலைத் தாழ்த்திக் கசம் என்பார்கள். தமிழில் நெஞ்சு நோய்க்குப் பெயர்கள் குறைவில்லை: ஈளை, காசம், சயம், இரைப்பு. கல்தூசியால் வரும் நோய்க்கு மட்டும் பேச்சில் பெயர் இல்லை. பெயர் இல்லாத நோயைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்கள்.

வைத்தியருக்கும் இது சிக்கல். சிலிக்கோசிஸ் புள்ளிகள் பெரும்பாலும் சுவாசப்பையின் மேற்பகுதியில் விழும். காசநோயும் அங்கேதான் வீடு கட்டும். இலங்கையில் வருடத்துக்கு எண்ணாயிரம் ஒன்பதாயிரம் பேருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. எக்ஸ்ரேயில் மேலே நிழல் தெரிந்தால் முதலில் அதை நினைப்பதில் பிழையில்லை. போதாக்குறைக்கு இரண்டும் கூட்டாளிகள். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு மற்றவரைவிடக் குறைந்தது மூன்று மடங்கு. ஆகவே சளியில் கிருமி இருந்தால் காசநோய் என்ற கணக்கில் போய்விடுகிறது, அடியிலிருக்கும் கல் மறைந்துவிடுகிறது. கிருமி இல்லாவிட்டால் ‘ஆஸ்மா’ என்று உறிஞ்சும் மருந்து. இரண்டு வழியிலும் ஒரே ஒரு கேள்விதான் விடுபட்டுப் போகிறது: “என்ன வேலை செய்யிறீங்கள், எத்தனை வருசமாய்?” கிளினிக் துண்டில் ‘கூலி’ என்று எழுதினால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கூலி என்பதற்குள் வயலும் அடங்கும், கடலும் அடங்கும், கிரைண்டரும் அடங்கும்.

வேலையோடு சேர்த்து நெஞ்சைப் பார்க்கும் வைத்திய மரபு இந்த நாட்டில் இல்லாமலில்லை. மார்பு நோய் நிபுணர் சி. ஜி. ஊரகொட 1960களிலும் 70களிலும் தேயிலைத் தொழிற்சாலை, மிளகாய் அரைக்கும் இடம், தும்பு ஆலை, இலவம்பஞ்சு வேலை, பென்சிற்கரிச் சுரங்கம் என்று தொழில் தொழிலாகப் போய் அந்தந்தத் தூசி நெஞ்சை என்ன செய்கிறது என்று எழுதினார். ஒவ்வொரு தூசிக்கும் ஒரு வேலைத்தலம் இருந்தது, ஆட்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள், அவர் போய்ப் பார்க்க முடிந்தது. மேசனுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. இந்த மாதம் பூநகரில், அடுத்த மாதம் வட்டவனில், அதற்கடுத்த மாதம் மூதூரிலோ கிண்ணியாவிலோ. தூசியும் ஆளும் ஒன்றாக ஊர் மாறிக்கொண்டிருக்கும்.

இங்கே கட்டட வேலை செய்யும் ஒருவருக்கு, நோய் முற்றாத நிலையில், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்படும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வளைகுடா விசாவுக்கான வைத்தியப் பரிசோதனை. சவூதிக்கோ கட்டாருக்கோ போக வேண்டுமென்றால் எக்ஸ்ரே கட்டாயம். பழைய தழும்போ நிழலோ தெரிந்தால் தகுதியில்லை என்று கடதாசி வரும். அதற்குமேல் ஒன்றும் வராது. ஏன் நிழல் வந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. முகவருக்குக் கட்டிய காசு போனதே என்ற கவலையோடு ஆள் ஊருக்குத் திரும்பி, மறுநாள் அதே கிரைண்டரைத் தூக்குவார். ஒரு தொழிலாளியின் நெஞ்சை நாம் படமெடுத்துப் பார்க்கும் அரிய நேரம் அவரை இன்னொரு நாட்டுக்கு அனுப்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் என்பதில் எனக்கு ஒரு கசப்பு இருக்கிறது.

எக்ஸ்ரேயில் தப்பி வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் இன்னொரு பாடம். அங்கே பெரிய தளங்களில் தலைக்கவசம், கண்ணாடி, சப்பாத்து இல்லாமல் வாசலில் விடமாட்டார்கள், காலையில் பாதுகாப்புப் பேச்சும் நடக்கும் என்று அவர்களே சொல்வார்கள். வெயிலும் கூலிப் பிரச்சினையும் வேறு கதை. வீடு திரும்பினால் அதே ஆள் செருப்போடு சாரத்தில் ஏறி நிற்பார். அறிவு விமானத்தில் தவறிப் போகவில்லை. அங்கே கேட்பதற்கு ஒருவர் இருந்தார், இங்கே இல்லை.

யாருடைய வேலைத்தலம்

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1937இன் பிரித்தானியச் சட்டத்தின் சாயலில் வந்தது. தூசியை வேலை செய்வோர் மூச்சிழுக்காமல் அகற்ற வேண்டும் என்ற ஏற்பாடு அதிலேயே உண்டு. 1934இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொழில் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. பாலம், தெரு என்று பெரிய கொந்தராத்து நடக்கும் இடங்களில் இவற்றின் நிழலாவது விழும்.

ஈச்சிலம்பற்றின் பெரும்பாலான சுவர்கள் அப்படி எழும்பியவையல்ல. 2004இல் கடல் வந்தது. 2006இல் சண்டையில் சனம் இடம்பெயர்ந்து, 2007க்குப் பிறகு திரும்பி வந்தது. அதன் பின் வடக்கு கிழக்கில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பகுதி ‘உரிமையாளர் தானே கட்டுவது’ என்ற முறை. உலக வங்கி உதவியுடனான வடகிழக்கு வீடமைப்புத் திட்டமும் அப்படித்தான், 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான். இந்தியத் திட்டத்தில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா, தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. கொந்தராத்துக்காரர் நடுவில் புகுந்து தின்னாமல், சனம் தம் விருப்பப்படி கட்டியது நல்ல முறைதான், நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த முறையில் வேலை கொடுப்பவர் யார்? கணவனை இழந்த ஒரு தாய், மூன்று பிள்ளைகள், தவணைக் காசு. அவர் மேசனோடு பேசி, மேசன் இரண்டு கையாட்களைக் கூட்டி வந்து, வயரிங்காரர் தனியாக வந்து போவார். சட்டத்தின் கண்ணில் அந்தத் தாய்தான் எஜமானா? தொழில் திணைக்களப் பரிசோதகர் அந்தப் படலையைத் திறந்துகொண்டு போய் என்ன கேட்பார்? அத்திவாரத்தின் ஆழம், கம்பியின் தடிப்பு, கொங்கிறீட்டின் கலவை எல்லாவற்றையும் அடுத்த தவணைக்கு முன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தார். தூசி அந்தப் படிவத்தில் இல்லை.

பத்து, பதினைந்து வருடம் கழித்து நோய் வரும்போது நட்டஈடு கேட்கவும் இதுவே முட்டுக்கட்டை. நூறு வீட்டில் வேலை செய்தவர் எந்த வீட்டுத் தூசியைக் காட்டி யாரிடம் கேட்பார்? இந்த முடிச்சை ராஜஸ்தான் ஒரு விதமாக அவிழ்த்துப் பார்த்திருக்கிறது. அங்கே கல்லுடைப்போரிடையே நோய் பரந்து, தொழிலாளர் அமைப்புகள் வருடக்கணக்காகப் போராடிய பிறகு, 2019இல் மாநில அரசு தூசி நோய்க்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தொழிலாளி தானே பதிவு செய்யலாம், வைத்தியக் குழு உறுதிப்படுத்தினால் 3 லட்சம் ரூபா, இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், அதோடு மாதாந்த உதவி. எந்த முதலாளி என்று காட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1994இலேயே கட்டடத் தொழிலாளருக்கு நலவாரியம் வந்துவிட்டது, ஆனால் ராஜஸ்தான் தூசியைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. அங்கும் இழுபறிகள் உண்டு. ஆனாலும் எண்ணத் தொடங்கினார்கள், எண்ணத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். அதுவரை அவர்களும் இளைப்புக்காரராகவும் கசக்காரராகவும்தான் இருந்தார்கள்.

தண்ணீர்

கொரோனாக் காலத்துக்குப் பிறகு மாஸ்க் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு தீமையும் உண்டு: எந்த மாஸ்க்கும் மாஸ்க்தான் என்ற எண்ணம். துவாய் பருத்த தூசியை மறிக்கும், மூக்கு தானே மறிக்கக்கூடிய தூசி அது. நுண்ணியது துணியின் இழையிடுக்கால் போகும். பச்சை நிற ஆஸ்பத்திரி மாஸ்க்கின் பக்கமெல்லாம் வாசல். என்95 வகை மெய்யாகவே வடிக்கும், மிக நுண்ணிய துணிக்கைகளில்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை மறிக்கும். ஆனால் முகத்தோடு ஒட்டினால் மட்டும். தாடி இருந்தால் ஒட்டாது. மூதூர், கிண்ணியா மேசன்மார் பலருக்குத் தாடி மார்க்கத்தோடு சேர்ந்தது, அதை எடுக்கச் சொல்வது வெளியூர்ப் புத்தி. அதைவிட, ஆனி மாதத்து வெக்கையில் ஓட்டுக்கூரையின் கீழ் என்95ஐக் கட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் சுவர் வெட்டிப் பார்த்தவர்தான் தொழிலாளியின் அலட்சியத்தைப் பற்றிப் பேச உரித்துடையவர். மாஸ்க் தேவைதான், கடைசி வேலியாக. முதல் வேலியாக அதை விற்பது தூசி கிளப்பும் முறையைக் கேள்வி கேட்காமல் விடுவதற்கு வசதியான வழி.

முதல் வேலி தண்ணீர். வெட்டும் இடத்தில் தண்ணீர் விழுந்தால் தூசியில் பத்துக்கு ஒன்பது பங்கு எழும்பாமலே சேறாகிவிடும். இதில் ஒரு எச்சரிக்கை, பாதுகாப்புத் துண்டுப்பிரசுரங்கள் இதைச் சொல்ல மறந்துவிடும். சாதாரண மின்கிரைண்டரில் போத்தலால் தண்ணீர் ஊற்றக்கூடாது. கட்டிமுடியாத வீட்டுக்கு மின்சாரம் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிளக்கிலிருந்து ஒட்டுப்போட்ட வயரில் வரும். அந்த ஒட்டு ஈரத்தில் கிடந்தால், இருபது வருடத்தில் வரக்கூடிய சாவுக்குப் பயந்து இரண்டு செக்கனில் சாவதாகிவிடும். தண்ணீருக்கென்றே செய்த வெட்டு மெசின் வேண்டும், ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் வேறு வழிகள் இருக்கின்றன, அவை மலிவானவை. தரைத் தட்டோட்டுக்குக் கையால் கீறி ஒடிக்கும் கட்டர் ஒன்று இருக்கிறது. தண்டவாளம்போல் இரண்டு கம்பி, நடுவில் ஓடும் சின்னச் சில்லு. ஒரு கீறு, ஒரு அழுத்து, ‘டக்’ என்று நேராக உடையும். தூசி என்று சொல்ல ஒன்றுமில்லை, மின்சாரமும் வேண்டாம். வளைவுக்கும் மூலைக்கும் மட்டும் கிரைண்டர், அதையும் வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி. நமது பக்கத்தில் கச்சான் இலவசமாக அடிக்கிறது.

சுவர் வெட்டுவதை இன்னும் சுலபமாகத் தவிர்க்கலாம். பூச்சுக்கு முன்னரே, கல் அடுக்கும்போதே, மின்குழாய்க்கு இடம் விட்டால் பிறகு வெட்ட வேலையே இல்லை. மேசனும் வயரிங்காரரும் ஒரு நாள் முன்னதாகச் சந்தித்துப் பேசினால் போதும். அவர்கள் சந்திப்பதில்லை. ஒருவருடைய வேலை முடிந்து காசு வாங்கிக்கொண்டு போன பிறகுதான் மற்றவர் வருவார், அவருக்கு அழைப்புப் போவதே அடுத்த தவணைக் காசு வந்த பிறகு. பொடியன் மூச்சிழுத்த தூசியில் பாதி அந்த இரண்டு தவணைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளி.

கல்லுடைக்கும் இடங்களைப் பற்றி நீட்டி எழுத இங்கே இடமில்லை. கிரஷரின் பட்டியில் தண்ணீர் தெளிக்கும் குழாய் பூட்டுவது பெரிய தொழில்நுட்பமில்லை. பாறை வெடிவைக்கவும் தோண்டவும் அனுமதி கொடுக்கும் சுரங்கப் பணியகத்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தூசியைக் கேட்கும் வலு இருக்கிறது. தெருவோரம் சுத்தியலால் சல்லி உடைக்கும் பெண்களைத்தான் எந்தச் சட்டமும் இலகுவில் எட்டாது. அவர்கள் உடுத்த சீலையிலேயே தூசி வீட்டுக்குப் போகும், பிள்ளை அந்த மடியில்தான் படுக்கும்.

மீண்டும் அந்த உள்ளறை. தேத்தண்ணி முடிந்தது. சுவரில் குழாய் பதித்து, சீமெந்து வைத்து அடைத்தாகிவிட்டது. கையாள் தும்புத்தடியை எடுத்துத் தரையை வரக்கு வரக்கென்று கூட்டுகிறார். தரைக்கு வந்துவிட்டிருந்த தூசியெல்லாம் மறுபடியும் எழும்பி, சாக்குக் கட்டிய யன்னலில் முட்டித் திரும்புகிறது. வீட்டுக்காரப் பெண் வாசலில் நின்று பார்க்கிறார். விடியற்காலை அவர் தன் முற்றத்தைக் கூட்டுமுன் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தெளித்திருந்தார். எப்போதும் தெளிப்பார், அவருடைய தாயும் அப்படித்தான் தெளித்தார், தூசி கிளம்பக்கூடாது என்று. அந்த வாளி கிணற்றடியில் பாதித் தண்ணீரோடு அப்படியே இருக்கிறது. உள்ளே நடப்பது மேசன்மாருடைய வேலை, அதில் தான் வாய் வைக்கக்கூடாது என்று அவர் நினைக்கிறார். கையாளுக்கோ அது பொம்பிளையள் முற்றம் கூட்டும் முறை.